ஒரு மக் பழைய தண்ணி

அந்தக் கோடை முழுக்க எங்க தெருவுல யாருக்கும் நகம் வளரல. நம்பினா நம்புங்க, நம்பாட்டி எந்திரிச்சுப் போங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. கொளத்தூர்ல வீட்டுக்கு வீடு மீன் வளர்க்கிற தெருவுல எங்களோடதும் ஒண்ணு. வாசல்ல தொட்டி, மாடியில தொட்டி, கட்டிலுக்கு அடியில தொட்டி, குளிக்கிற ரூம்ல மனுஷன் நிக்க இடமில்லாம கப்பிக் குஞ்சுத் தொட்டின்னு தண்ணியை வெச்சே பொழைக்கிற ஜனம் நாங்க. அதனால எங்களுக்கு வந்த அதிசயமும் தண்ணி வழியாத்தான் வந்துச்சு, வேற எது வழியா வரும்?

நான் அமுதவல்லி. ஃபைட்டர் மீனும் கப்பியும் வளர்க்கிறேன். வீட்டுக்காரரு குணசீலன், மீனுக்குப் போடற உசுருள்ள புழு விக்கிறவரு. டிவிஎஸ் வண்டியில முன்னாடி ஒரு பக்கெட்டு, பின்னாடி ஒரு பக்கெட்டுன்னு கட்டிக்கிட்டு கடை கடையா போவாரு. எங்களுக்குப் புள்ளை கிடையாது. அவருக்கு வலது பக்கம் கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்துட்டு, இது கத்தி வைக்க முடியாத இடம்மா, அப்படியே நின்னுட்டா பயமில்ல, வளர்ந்துச்சுன்னா மூச்சுக்குழாயை அமுக்கும்னு சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. அன்னையில இருந்து எங்க வீட்டுல ஒரு வழக்கம். சாயங்காலம் புழு நாத்தம் போக சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, என் முன்னாடி உக்காந்து கழுத்தைத் திருப்புவாரு. நான் கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கட்டியைப் புடிச்சுப் பாப்பேன். "வளர்ந்திருக்கா?"ம்பாரு. "கொஞ்சம்"பேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிப்போம்.

எதிர்வீட்டு எழிலரசி தொட்டிச் செடி வளர்க்கிறவ. மொட்டை மாடியில தெர்மாகோல் பொட்டியில தண்ணி நிரப்பி அனுபியாஸ், ஜாவா பாசி, வேலம்பாசின்னு அவ வெச்சிருந்த செடிக்கு பெங்களூர்ல இருந்தெல்லாம் ஆளு வரும். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு அவளுக்கு வயித்துல தங்குச்சு. மசக்கையில என்ன வேணும்னு அவ புருஷன் தினகர் கேட்டிருக்கான். ஒரு ஆக்ஸலாட்டில் வேணும்னுட்டா.

"ஏன்டி, மசக்கையில மாங்கா கேட்டவ உண்டு, சாம்பல் கேட்டவ உண்டு, பல்லி கேட்டவ உண்டா?"ன்னு நான் கேட்டேன்.

"பல்லி இல்லக்கா. தவளைக்குச் சொந்தம். ஆனா தவளை மாதிரி வளர்ந்து கரைக்கு வராது. சாகற வரைக்கும் குழந்தையாவே தண்ணியில இருக்கும்."

"கொடுத்து வெச்ச ஜென்மம்."

தினகர் எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்தான். ஒரு சாண் நீளம், பச்சைப்புள்ளை உள்ளங்கால் கலரு, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு செவப்பு இறகு. அந்த இறகாலதான் அது மூச்சு விடும். கண்ணுக்கு இமை கிடையாது. வாய் எப்பவும் சிரிச்சபடி. பேரு யாரு வாயிலயும் நுழையல, தெருப்பசங்க அதுக்கு லட்டுன்னு பேரு வெச்சுட்டாங்க.

அந்த லட்டுக்கு எழில் பண்ண பணிவிடை இருக்கே, மாமியாருக்குக்கூட மருமக அப்படிப் பண்ணியிருக்க மாட்டா. தரையில கல்லு போட்டா முழுங்கிடும்னு வெறும் கண்ணாடித் தரை. இமை இல்லாத கண்ணு கூசும்னு மங்கல் வெளிச்சம், அந்த வெளிச்சத்துல வளர்ற செடியாப் பாத்து எடுத்து, மண்ணுல நடாம நூல் போட்டு மரக்கட்டையில கட்டினா. போர் தண்ணி உப்பு, அதனால லாரித் தண்ணியைப் புடிச்சு, குளோரின் போற வரைக்கும் டிரம்முல வெச்சு ஊத்தினா. சென்னை வெயில் அதுக்கு ஆகாதுன்னு தண்ணியைக் குளுர வைக்க ஒரு மிஷின். அந்த மிஷினு ஓடற சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு.

தொட்டி செட் ஆவறதுன்னு நாங்க சொல்லுவோம், அது என்னான்னு உங்களுக்குச் சொல்லணும். மீன் போடற கழிவு அமோனியா ஆகும், அது விஷம். அதைத் தின்ன கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வரணும், அது போட்ட மிச்சத்தைத் தின்ன இன்னொரு கிருமி வரணும், கடைசி மிச்சத்தைச் செடி தின்னணும். இதெல்லாம் வந்து உக்கார்றதுக்கு வாரக்கணக்கு ஆகும். பொறுமை இல்லாதவங்க, நல்லா செட் ஆன பக்கத்து வீட்டுத் தொட்டியில இருந்து ஸ்பாஞ்சைப் பிழிஞ்ச அழுக்கோட ஒரு மக் பழைய தண்ணி வாங்கிட்டு வந்து, தயிருக்கு உறை ஊத்தற மாதிரி ஊத்திக்குவாங்க. எங்க தெருவுல யாரும் யாருக்கும் பழைய தண்ணி இல்லன்னு சொல்லக்கூடாது. சண்டை போட்டுப் பேச்சில்லாம இருக்கறவங்ககூட, சுவத்துக்கு மேல மக்கை நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாவது ஊத்தியாகணும். அது எங்க மரியாதை.

பொங்கல் முடிஞ்சு எழிலுக்கு ஏழாவது மாசம். வளைகாப்பு நடந்து, கை நிறைய கண்ணாடி வளையல் குலுங்க அவ என்னைக் கூப்பிட்டா. தண்ணியைச் சோதிக்கிற மூணு கண்ணாடிக் குழாயை வரிசையா வெச்சிருந்தா. அமோனியா துளிகூட இல்ல. அடுத்ததும் இல்ல. மூணாவது, செடி தின்னது போக எப்பவும் கொஞ்சமாவது மிச்சம் நிக்குமே, அதுவும் இல்ல.

"இவ்வளவு சுத்தமா ஒரு தண்ணி இருக்கக்கூடாதுக்கா. என்னமோ தப்பு."

"வாயைக் கழுவு. நல்லது நடந்தா தப்புங்கறா பாரு."

தொட்டியைப் பாத்தேன். தண்ணி இருக்கறதே தெரியல, லட்டு அந்தரத்துல நின்னுச்சு. செடியில ஒரு இலை ஆடல. வீட்டுக்கு ஓடிப்போய் மக்கை எடுத்துட்டு வந்து, "எனக்கு ஒண்ணு கொடு"ன்னேன். எனக்குப் பின்னாடி மொத்தத் தெருவும் மக்கோட நின்னுச்சு. இப்படி ஒரு தண்ணியை எவ விடுவா?

அப்புறம் நடந்ததை நான் எந்த வரிசையில சொல்றதுன்னு எனக்கே தெரியல, ஏன்னா அது எந்த வரிசையிலயும் நடக்கல, எல்லாம் சேர்ந்து நின்னுச்சு, அவ்வளவுதான். கப்பிக் குஞ்சு குஞ்சாவே நின்னுச்சு, பசங்களுக்கு ஆடின பல்லு ஆடிக்கிட்டே இருந்துச்சு, விழவும் இல்ல உறுதியாகவும் இல்ல, ஆம்பளைங்க மூஞ்சியில அன்னைக்கு இருந்த முள்ளு தாடி அப்படியே இருந்துச்சு, ராத்திரி ஆட்டி வெச்ச மாவு காலையில பொங்கல, பாலுக்கு உறை ஊத்தினா பாலாவே முழிச்சுக்கிட்டு இருந்துச்சு, நான் டை அடிச்ச முடிக்கு அடியில வெள்ளை எட்டிப் பாக்கல. முதல்ல நாங்க யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. மாவு பொங்கலைன்னா பொம்பளைங்க உளுந்தைத் திட்டினாங்க, குஞ்சு வளரலைன்னா ஆம்பளைங்க என் வீட்டுக்காரர் புழுவைத் திட்டினாங்க. சலூன் வெச்சிருந்த ஏகாம்பரம்தான் ஒருநாள் தெரு நடுவுல நின்னு, "ஏம்பா, உங்க எல்லாருக்கும் என்ன கேடு, ஒருத்தன்கூட முடி வெட்டிக்க வர மாட்டேங்கறீங்க?"ன்னு கத்தினான். அப்பதான் எல்லாரும் அவங்கவங்க தலையைத் தடவிப் பாத்தாங்க.

மனுஷன் எதுக்குத்தான் பழகல? ஏகாம்பரம் சலூன்ல ஜூஸ் போட ஆரம்பிச்சான். இட்லி மாவு அடுத்த தெருவுல இருந்து வந்துச்சு. யூனிபார்ம் சின்னதாகலைன்னு தாய்மாருங்களுக்கு ஏக சந்தோஷம். மீன் மொத்த வியாபாரி பாஷா பாய் மட்டும் குஞ்சு பெருசாகலைன்னு தலையில கை வெச்சு உக்காந்தாரு, அப்புறம் அவரே "வளராத மீன், எப்பவும் குட்டி"ன்னு போர்டு எழுதி வெச்சு அதையும் வித்தாரு. வாங்கிட்டுப் போன இடத்துலயும் அது வளரல, பிளாஸ்டிக் பையில கூடவே எங்க தண்ணியும் போச்சே. சேதி பரவி, எங்கிருந்தோ வந்த ஒரு அம்மா எழில் தொட்டிக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திடுச்சு. இன்னொருத்தர் வேண்டிக்கிட்டு உள்ள காசு போட்டாரு. எழில் ஆவேசமா வந்து, "காசுல இருக்கிற செம்பு லட்டுக்கு விஷம், இன்னொரு தடவை யாராவது போட்டீங்க, கையை ஒடைச்சிடுவேன்"னு வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னு கத்தினா.

எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே. சாயங்காலம் அவரு கழுத்தைத் திருப்பினாரு, நான் புடிச்சுப் பாத்தேன். "வளர்ந்திருக்கா?" "இல்ல." மறுநாளும் இல்ல. அடுத்த வாரமும் இல்ல. என் விரலு மேல எனக்கே சந்தேகம் வந்து நூலைச் சுத்தி அளந்து பாத்தேன், நூலும் அதையேதான் சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில, மாத்திரை வேலை செய்யுதுன்னாங்க. ஆமா, மாத்திரை! நான் கேசரி கிண்டி எழில் வீட்டுக்குக் கொண்டுபோய், லட்டுத் தொட்டி முன்னாடி ஒரு தட்டு வெச்சேன், அவ திட்டுவாளேன்னு தொட்டிக்குள்ள ஒரு துளி சிந்தாம வெச்சேன். என் தாலி அந்தத் தொட்டிக்குள்ளதான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஆனா பங்குனியில பொறக்க வேண்டிய புள்ளை பொறக்கல.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குழந்தை நல்லா இருக்கு, துடிப்பு நல்லா இருக்கு, ஏழு மாசம்தானே ஆகுது, போயிட்டு வாங்கன்னாங்க. சித்திரையில போனா அப்பவும் ஏழு மாசம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்கன்னு தினகர் அழுதிருக்கான். நுரையீரல் இன்னும் பழுக்கலையேப்பா, இப்ப எடுத்தா எப்படி மூச்சு விடும், பொறு, வளரட்டும்னு சொல்லிட்டு அவங்களே குழம்பிப் போய்த் தேதியைத் திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்க. அரக்கோணத்துல அம்மா வீட்டுக்குப் போய் இருந்து பாத்தா எழில். அங்கயும் வயிறு அப்படியே நின்னுச்சு. ஊரு மாறினா உடம்புக்குள்ள இருக்கிற தண்ணி மாறிடுமா என்ன? தொட்டித் தண்ணி மொத்தத்தையும் மாத்தினா. ஒரு நாள் போறதுக்குள்ள புதுத் தண்ணியும் இருக்கற இடம் தெரியாம ஆயிடுச்சு. மூணு குழாயும் மறுபடி ஒண்ணுமில்லன்னுச்சு. அந்தச் சோதனையை அவ தினம் பண்ணுவா, ஏதாவது ஒண்ணு கலங்காதான்னு பாப்பா. நல்ல தண்ணிக்காக அழுத தொட்டிக்காரியைப் பாத்திருக்கீங்க, தண்ணி கெட்டுப் போகணும்னு அழுதவளை நான் அப்பதான் பாத்தேன்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சா. வளைகாப்பு வளையல் ஒவ்வொண்ணா உடைஞ்சு, கையில நாலோ அஞ்சோதான் மிச்சம் இருந்துச்சு.

"அக்கா, லட்டுதான் காரணம். அது வளராம நின்ன குழந்தை. அதுக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கிட்டேன், அதனால அதோட தண்ணியில எதுவுமே நகர மாட்டேங்குது. தண்ணி சூடாகி ஒடம்புக்கு ஆகாம போனா, எங்கயாவது ஒண்ணு இறகை உதுத்துட்டுக் கரை ஏறுமாம். மத்ததெல்லாம் செத்துடுமாம். நான் மிஷினை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"இருக்கட்டுமேடி. வயித்துல பத்திரமாத்தானே இருக்கு? என்ன அவசரம்?"

"தினம் சாயங்காலம் ஒரே இடத்துல ஒரே உதைக்கா. நேத்து உதைச்ச அதே உதை. இவ்வளவு பெரிய வயித்தைச் சுமந்துக்கிட்டு, நான் என் புள்ளைக்காகக் காத்திருக்கேனா, காவல் இருக்கேனான்னே தெரியல."

"உனக்குப் புள்ளை நாளைக்குப் பொறக்கும். எனக்கு இன்னொரு புருஷன் எங்க பொறப்பான்?"

அவ என்னையே பாத்தா. "உங்களுக்கு ஒண்ணு பொறந்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க"ன்னா.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். அழுகையும் ஆத்திரமுமா வந்துச்சு. எது முன்னாடி வந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவ சொன்னது நியாயமா, நான் சொன்னது நியாயமா, ரெண்டும் நியாயமா, எப்படி ரெண்டும் நியாயமா இருக்க முடியும்னு அடுப்புல பால் பொங்கி வழியற வரைக்கும் நின்னுக்கிட்டு இருந்தேன். அன்னையில இருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சில்ல.

தெருவும் ரெண்டாப் போச்சு, ஆனா நேரா ரெண்டாப் போகல. காலையில எழில் பக்கம் பேசினவங்க சாயங்காலம் என் பக்கம் பேசினாங்க. பாஷா பாய் என்னைப் பாத்தா, "குணசீலன் நல்லா இருக்கணும்மா"ம்பாரு, தினகரைப் பாத்தா, "சீக்கிரம் பொறக்கும்பா"ம்பாரு, ரெண்டையும் மனசாரத்தான் சொன்னாரு. கடைசியில, முடிவெடுக்கத் தெரியாத ஜனம் என்ன பண்ணுமோ அதைப் பண்ணோம், ஒரு ஏற்பாடு பண்ணோம். கோடையில கரண்ட் போகும், போனா மிஷினு நிக்கும், அதனால தெருவுல ஃபிரிட்ஜ் இருக்கறவங்க எல்லாம் பாட்டில்ல தண்ணி நிரப்பி ஐஸாக்கி வெச்சிருக்கணும், கரண்ட் போன உடனே கொண்டுபோய் லட்டுத் தொட்டியில மிதக்க விடணும். மிஷினை நிறுத்த எழிலுக்கும் கை வரல, பாவம், மசக்கையில கேட்டு வாங்கின ஜீவன். கரண்ட் போறப்ப எல்லாம் நான்தான் முதல் பாட்டிலைக் கொண்டு போவேன். பேச மாட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மிதக்க விட்டுட்டு வந்துடுவேன்.

வைகாசியில ஒரு மத்தியானம், தெருமுனையில டிரான்ஸ்பார்மர் டமார்னு வெடிச்சு, கருப்பா புகை போச்சு. இது சாயங்காலத்துக்குள்ள திரும்பி வர்ற கரண்ட் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நான் ஃபிரீசரைத் தொறந்து ரெண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். எனக்கு முன்னாடி பாஷா பாய், ஏகாம்பரம், பின்னாடி பொம்பளைங்க, எல்லார் கையிலயும் ஐஸ் பாட்டில்.

எழில் தொட்டிக்கு முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தா. ஒரே ஒரு வளையல் மிச்சம் இருந்துச்சு.

"யாரும் போடாதீங்க"ன்னா. அதட்டல, அழல. "நானா நிறுத்தல. தானா நின்னிருக்கு. விட்டுடுங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என் பாட்டில்தான் பெருசு, என் காரணமும்தான் பெருசு. ஐஸு கையைச் சுட்டுச்சு. உள்ள லட்டு சிரிச்ச வாயோட என்னைப் பாத்துச்சு, அதோட இறகு லேசா தொங்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு அடி எடுத்து வெச்சா போட்டுடலாம், கர்ப்பிணிப் பொண்ணு, அவளா என்னைத் தடுக்கப் போறா? அந்த ஒரு அடியை எடுத்து வெச்சேன்.

அப்ப என் வீட்டுக்காரரு உள்ள வந்தாரு. வெயில்ல புழு பக்கெட்டு சூடாகக் கூடாதுன்னு நிழல்ல வெச்சுட்டு, வேர்வை ஊத்த, லட்டுக்கு மத்தியானச் சாப்பாடா ஒரு கப்பு மண்புழுவோட வந்தாரு. ஒருத்தர் மூஞ்சியா எல்லார் மூஞ்சியையும் பாத்தாரு. எழில் கையைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு. கப்பைக் கீழ வெச்சுட்டு, என் கையில இருந்த பாட்டிலை வாங்கி, தன் கழுத்துல, அந்தக் கட்டி மேலயே வெச்சு அழுத்திக்கிட்டு, அங்க இருந்த ஒரே நாற்காலியில உக்காந்தாரு.

"அப்பாடா! என்னா வெயிலுடா சாமி."

"என்னங்க பண்றீங்க? அது லட்டுக்கு..."

"எனக்குப் புழுங்குது அமுதா."

அவ்வளவுதான் சொன்னாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. பாட்டில்ல இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா அவரு சட்டைக் காலர்ல இறங்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பாஷா பாய் தன் பாட்டிலை எடுத்துத் தன் பிடரியில வெச்சாரு. ஏகாம்பரம் நெத்தியில வெச்சுக்கிட்டான். ஒவ்வொருத்தரா, அந்த ஹால்ல நின்ன அத்தனை பேரும், லட்டுக்குன்னு கொண்டு வந்த ஐஸை அவங்கவங்க கழுத்துலயும் கன்னத்துலயும் வெச்சுக்கிட்டு சும்மா நின்னோம். என் கை மட்டும் காலியா இருந்துச்சு. நான் போய் எழில் கையைப் புடிச்சுக்கிட்டேன், விழுந்துடக் கூடாதேன்னு, வேற எதுக்கும் இல்ல.

தண்ணி சூடாச்சு. லட்டு மேலயும் கீழயும் அலைஞ்சுச்சு, கண்ணாடியில முட்டுச்சு, ஒரு மூலையில போய் அசையாம கிடந்துச்சு. செத்துடுச்சுன்னு யாரோ சொன்னாங்க, எழில் என் விரலை நெரிச்சா. அப்புறம் அந்தச் செவப்பு இறகெல்லாம் வாடின பூ மாதிரி சுருங்கிச் சுருங்கி கழுத்தோட ஒட்டிப் போச்சு, உடம்பு கருத்துச்சு, அது தன் நாலு காலாலயும் அனுபியாஸ் கட்டின மரக்கட்டையைப் புடிச்சு ஏறி, தலையைத் தண்ணிக்கு வெளிய நீட்டி, வாயைத் தொறந்து ஒரு வாய்க் காத்தை முழுங்குச்சு. முழுங்கிட்டு எங்களைப் பாத்துக் கண்ணை மூடித் தொறந்துச்சு. அதுக்கு இமையே கிடையாது, நாங்க எல்லாரும் பாத்தோம், அது மூடித் தொறந்துச்சு.

தொட்டி விளிம்புல ஏறி, மேசைக் காலைப் புடிச்சு இறங்கி, மொசைக் தரையில ஈரத் தடம் வெச்சு நடந்துச்சு. நாங்க விலகி வழி விட்டோம். எழில் குனிஞ்சு புடிக்கப் போனா, வயிறு இடிச்சுச்சு, விட்டுட்டா. வாசப்படி தாண்டி, மாடியில இருந்து செடித் தண்ணி வழியற குழாய் ஓரமா ஈரத்துக்குள்ள போயிடுச்சு. இருக்கா, செத்துச்சா, அந்த வெயில்ல எவ்வளவு தூரம் போச்சு, எனக்குத் தெரியாது. அது வளர்ந்துச்சா, இல்ல நாங்க அதைக் கொன்னுட்டோமான்னு இப்பவும் எனக்குக் குழப்பம்தான்.

திரும்பிப் பாத்தா தொட்டியில தண்ணி இருந்துச்சு. அதாவது, கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, லேசா கலங்கி, செடி இலையெல்லாம் ஆடிக்கிட்டு. அனுபியாஸ் அடியில இருந்து ஒரு மொட்டு கிளம்பி, தண்ணிக்குள்ளயே வெள்ளையா விரிஞ்சுச்சு. "அம்மா!"ன்னு எழில் வயித்தைப் புடிச்சா. "என்னடி?" "வேற இடத்துல உதைக்குதுக்கா." தெருவுல ஒரு பையன் பல்லைக் கையில வெச்சுக்கிட்டு, வாயெல்லாம் ரத்தமா, சிரிச்சுக்கிட்டே ஓடினான். அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தி, அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தன். சாயங்காலத்துக்குள்ள எல்லார் வீட்டு மாவும் பொங்கி, மூடியைத் தள்ளி, மேடையில வழிஞ்சு, தெருவே புளிச்ச வாசனையா இருந்துச்சு. ஏகாம்பரம் ஜூஸ் மிக்சியைத் தூக்கி உள்ள வெச்சான்.

அன்னைக்குச் சாயங்காலம் அவரு கழுத்தைத் திருப்பல. நானும் கேக்கல. எப்படி அப்படி உக்காந்தீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு சண்டை போடணும்னு ஆயிரம் தடவை வாயெடுத்தேன். டீயை மட்டும் நங்குன்னு வெச்சேன். அவரு ஊதி ஊதிக் குடிச்சாரு.

ஆடி முடியறப்ப எழிலுக்குப் பொண்ணு பொறந்துச்சு. வலி எடுத்தப்ப நான்தான் கூட இருந்தேன். கடைசி வளையல் என் உள்ளங்கையில உடைஞ்சு கீறுச்சு. டாக்டரம்மா, கரெக்டா பத்து மாசம்னாங்க. சரிங்கம்மான்னுட்டோம், என்னத்தைச் சொல்றது. தொட்டியை வீட்டுல வெச்சுக்க முடியலன்னு எழில் சொன்னதும் நான் எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப அதுல செடி மட்டும்தான். காடா வளருது, வாராவாரம் வெட்டி விடறேன், கால்வாசித் தண்ணி மாத்தறேன், மூணு குழாயில சொட்டு விட்டுப் பாக்கறேன். கொஞ்சமாவது மிச்சம் காட்டுது. அப்பாடான்னு இருக்கு, எரிச்சலாவும் இருக்கு.

பாப்பா பகல்ல பாதி நேரம் என் வீட்டுலதான். நேத்து அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு தொட்டி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் எழில் வந்து அவளைத் தூக்கிட்டுப் போனதும் இவரு வண்டி வந்துச்சு. இப்பல்லாம் ஒரு பக்கெட்டுதான் கட்டறாரு. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம், என் முன்னாடி உக்காந்து கழுத்தைத் திருப்பினாரு.

"பாரு."

கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் புடிச்சேன். புடிக்கு அடங்கல.

"வளர்ந்திருக்கா?"

"இல்ல."

அவரு சிரிச்சாரு, சிரிப்புக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. "பொய் சொன்னா உன் கட்டைவிரல் நடுங்குது அமுதா. சரி, அதை விடு. பாப்பா எப்படி இருக்கா?"

"கழுத்து நின்னிருச்சுங்க"ன்னேன். "காலையில தோள்ல போட்டிருந்தேன், தானா தலையைத் தூக்கி, அந்த அனுபியாஸ் பூவையே பாத்துக்கிட்டு இருந்தா. ஆடவே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

"ம்"ன்னு சொல்லிட்டு, கழுத்தைத் திருப்பினபடியே உக்காந்திருந்தாரு. நானும் கையை எடுக்கல.